கீழறை ஜன்னலைத் திறந்தால் ஈரம் போகுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜனவரி மாதம், இங்கே அது கோடை. ரிசர்வாயர் ஹில்ஸில் ஓர் அக்கா வீட்டுக்கு ஈரம் பார்க்கப் போயிருந்தேன். சரிவை வெட்டிக் கட்டிய வீடு. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு தளம், பின்னால் போய்ப் பார்த்தால் இரண்டு. கீழறையின் தெருப்பக்கச் சுவர் முழுக்க மண்ணுக்குள் இருக்கிறது. தைப்பூசம் நெருங்குகிறதே என்று காவடியை வெளியே எடுத்திருக்கிறார். கட்டை முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம். “நாள் முழுக்க ஜன்னலைத் திறந்துதான் தம்பி வைக்கிறேன், அப்படியும் இப்படி” என்றார்.

திறந்து வைத்ததுதான் பாதி வினை. வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 24 டிகிரிக்கு ஆறினாலே தண்ணீரை விட ஆரம்பித்துவிடும். மண்ணை ஒட்டிய சுவரோ 22 டிகிரியில் குளுகுளுவென்று இருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதுபோல அதுவும் வியர்க்கும். நல்ல காற்று வரட்டும் என்று திறக்கத் திறக்க, வெளியிலிருந்து தண்ணீரை நாமே அழைத்து வருகிறோம்.

மீதிப் பாதி சுவரின் அடியில் இருந்தது. தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை உப்புப் பூத்து, பெயின்ட் கொப்புளித்திருந்தது. விரலால் தட்டினால் அப்பளம்போல உடைந்தது. யாரோ ஒருவர் வந்து ‘தண்ணீர் புகாத’ பெயின்ட் என்று இரண்டு முறை அடித்துக் காசு வாங்கிப் போயிருக்கிறார். வெளியே மண்ணில் தேங்கிய நீர் சுவரைத் தள்ளிக்கொண்டு வரும்போது, உள்ளே அடிக்கும் பெயின்ட் எத்தனை நாள் தாங்கும்?

வியர்வையா, ஊற்றா என்று பிரித்துப் பார்க்க மீட்டர்கூட வேண்டாம். சமையலறை அலுமினியத் தாளை ஒரு அடிச் சதுரமாக வெட்டி, சுவரைத் துடைத்து, நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் நனைந்தால் காற்றில் உள்ள ஈரம். உரித்துப் பார்க்கும்போது சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் மண்ணிலிருந்து வருவது. அந்த வீட்டில் மேலே ஒட்டிய தாள் முன்பக்கமும், கீழே ஒட்டியது பின்பக்கமும் நனைந்திருந்தன. இரண்டு நோய், இரண்டு வைத்தியம்.

மண் ஈரத்துக்கு வெளியே போய்த்தான் பார்க்க வேண்டும். கூரைத் தண்ணீர்க் குழாய் சரியாக அந்தச் சுவரின் மூலையில் கொட்டிக்கொண்டிருந்தது! அதை நீட்டிச் சுவரைவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி விட்டோம். சுவரோரம் பூச்செடிக்காக மேடாக்கிய மண்ணை வழித்து, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும்படி சரிவு கொடுத்தோம். இவ்வளவும் செய்தபிறகும் நிற்காவிட்டால்தான் பள்ளம் தோண்டி, ஜல்லியும் துளைக்குழாயும் போட்டு, வெளிச்சுவரில் நீர்த்தடுப்புப் பூசுவது. அது செலவு பிடித்த வேலை. முதலிலேயே யாராவது அதைச் சொன்னால் சற்று யோசியுங்கள்.

சரிவு மண்ணைத் தாங்கும் தாங்குசுவர் உள்ளவர்கள் அதன் நீர்த்துளைகள் அடைத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். டர்பனின் பெரியா மேட்டுப் பக்கத்துச் செம்மண் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும், ஊறினால் குழைந்துவிடும். 2022 ஏப்ரல் மழையில் சரிவுகள் என்ன ஆயின என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

சரி, காற்று ஈரம்? ஒரு ஈரப்பதமானி வாங்கி மாட்டுங்கள். 60 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். கோடையின் புழுக்க நாட்களில் ஜன்னலைச் சாத்தி, ஈரமுறிஞ்சி இயந்திரத்தை ஓட விடுங்கள். குளிர்காலத்தில் நேர்மாறு: மலைப்பக்கமிருந்து பெர்க் காற்று வறண்டு அடிக்கும் நாளில் எல்லாவற்றையும் திறந்து போடுங்கள். அலமாரியைச் சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். துவைத்த துணியைக் கீழே காயப்போடாதீர்கள். ஒரு கூடைத் துணி லிட்டர் கணக்கில் ஈரத்தைக் காற்றில் விடும்.

பூசண வாடை அடிக்கும் அறையில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள், அதுவும் இழுப்பு உள்ள பிள்ளை என்றால் வேண்டவே வேண்டாம். சுவரைத் துடைக்க ஜிக் என்ற பிளீச் ஊற்றுபவர்கள் அதோடு கழிவறை ஆசிட்டைக் கலந்துவிடக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். இன்னொன்று: மின்வெட்டுக்கு வாங்கிய ஜெனரேட்டரைக் கீழ்க் கராஜில் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தேனே என்பதெல்லாம் பேச்சில்லை, அதை வீட்டுக்கு வெளியே, ஜன்னலைவிட்டுத் தள்ளித்தான் ஓட்ட வேண்டும்.

அக்காவின் காவடிக் கட்டையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் காயவைத்ததும் தேறிவிட்டது. துணியையும் மயிலிறகையும் மாற்றச் சொன்னேன். மார்ச்சில் மறுபடி போனபோது மானி 57 காட்டியது. காவடி மேல்மாடிக்குப் போய்விட்டிருந்தது. கீழே இனி அதை வைப்பதில்லையாம்.