நாடா முடிச்சு ஏன் நழுவுகிறது?

பருத்திச் சேலையில் ஏணை கட்டினால் முடிச்சு நழுவுவதில்லை. துணி கசங்கிச் சுருண்டு கயிறு போலாகி, மடிப்புக்குள் மடிப்பு சிக்கிக்கொள்ளும். ஹேமக் என்ற தொங்கு படுக்கையை மரத்தில் கட்டும் பாலியஸ்டர் நாடா அப்படிக் கசங்காது. வழவழப்பான தட்டை முகம் இன்னொரு தட்டை முகத்தின்மேல் படிந்து, சமயம் பார்த்து வழுக்கும்.

2.5 செ.மீ. அகல நாடாவைச் சுற்றுவது மரத்தின் நன்மைக்காக. மெல்லிய கயிறு மரப்பட்டையில் பதிந்து, அதற்கடியிலுள்ள உயிருள்ள அடுக்கை நசுக்கிவிடும்; நாடா அதே பாரத்தைப் பரப்பிவிடுகிறது. ஆனால் அகலம் கூடினால் முடிச்சும் நன்றாகப் பிடிக்கும் என்பது தப்புக்கணக்கு. எவ்வளவு அழுந்துகிறது, எத்தனை வளைவு சுற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்தே உராய்வு அமையும்.

ஹேமக் நுனியிலுள்ள கயிற்றுக் கண்ணியில் நாடாவை மாட்ட பெக்கெட் ஹிட்ச் என்ற முடிச்சு போதும். மரத்திலிருந்து வரும் நாடாவைக் கண்ணிக்குள் கீழிருந்து மேலே எடுங்கள். கண்ணியின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பின்பக்கமாக ஒரு சுற்று. திரும்பி வரும் பகுதியை, மரத்திலிருந்து வரும் நாடாவுக்கு அடியில், கண்ணிக்கு மேலாக நுழைக்க வேண்டும். நுனியை அப்படியே நுழைக்காமல் மடித்து நுழைத்தால், காலையில் நுனியைச் சுண்டி இழுத்ததும் அவிழும். 15 செ.மீ. நுனியாவது வெளியே தொங்கட்டும். பாரம் ஏற ஏற, மேலே ஓடும் நாடா அந்த மடிப்பைக் கண்ணியோடு வைத்து அமுக்குகிறது. பிடியைத் தருவது உங்கள் எடையேதான்.

எடை இல்லாதபோது பிடியும் தளரும். காற்றில் காலி ஹேமக் ஆடிக்கொண்டிருந்தால் மடிப்பு மெல்ல நகரும். நாடா முறுக்கிக்கொண்டாலும் ஆபத்து: பாரம் ஒரு ஓரத்து இழைகளிலேயே விழும், மடிப்பு சமமாக அழுந்தாது. டைனீமா என்ற செயற்கை இழையாலான நாடா இன்னும் வழுக்கும். அதில் கட்டினால், மடிப்பின் கண்ணுக்குள் நுனியை ஒருமுறை செருகிவிடுங்கள். நைலான், அதிலும் நனைந்த நைலான், நீண்டு கொடுக்கும். படுக்கும்போது இருந்த உயரம் விடியும்போது இருக்காது.

இரண்டு நாடாக்களை இணைக்க வாட்டர் நாட் என்ற முடிச்சைப் போடுவார்கள். ஒன்றில் சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போட்டு, மற்றதை எதிர்த்திசையில் அதே வழியில் ஓட்டி இறுக்குவது. புரண்டு படுக்கும்போதெல்லாம் பாரம் ஏறி இறங்க, நுனி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். 7.5 செ.மீ. நுனி விட்டு, தினமும் பாருங்கள்.

சாய்வையும் கவனிக்க வேண்டும். நாடா கிடைமட்டத்திலிருந்து 30 பாகை இறங்கினால், 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் இழுவிசை 70 கிலோ. விறைப்பாகக் கட்டி 10 பாகை ஆக்கினால் அது சுமார் 200 கிலோ.

ஹேமக்கின் உயரம் ஒரு நாற்காலியின் உயரத்தைத் தாண்ட வேண்டாம். மடிப்பு வெளிவரும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, பத்து முறை உட்கார்ந்து எழுந்திருங்கள். கோடு நகர்ந்திருந்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.