மாட்டுத்தாவணியிலிருந்து கிளம்பும் படம்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு வியாபாரி மல்லிகைக் குவியலைப் படமெடுத்து, கடை வைஃபை வழியாக வெளியூர்க்காரருக்கு அனுப்புகிறார். படம் 2,00,000 பைட் என்று வைத்துக்கொள்வோம். அது முழுசாக ஒரே மூச்சில் போவதில்லை. செயலி படத்தைக் கீழே ஒப்படைத்ததும், டிசிபி என்ற நெறிமுறை, அதாவது கணினிகள் பேசிக்கொள்ளும் விதித்தொகுப்பு, அதைத் துண்டு போடுகிறது. ஒரு துண்டுக்கு அதிகபட்சம் 1460 பைட். ஈதர்நெட் என்ற கம்பிவழி வலைப்பின்னலில் ஒரு பாக்கெட்டுக்கு வழக்கமான உச்சவரம்பு 1500 பைட். அதில் டிசிபி எழுதும் குறிப்புக்கு 20, முகவரி பார்த்து வழியனுப்பும் ஐபி என்ற இன்னொரு நெறிமுறை எழுதும் குறிப்புக்கு 20 போக மிஞ்சுவதுதான் இந்த 1460. ஆக, படம் ஏறக்குறைய 140 பாக்கெட்டுகளாகக் கிளம்பும்.

டிசிபியின் குறிப்பில் வரிசை எண் இருக்கும். ஐபியின் குறிப்பில் போய்ச் சேரவேண்டிய கணினியின் முகவரி இருக்கும். அதற்கும் கீழே, வைஃபை தன் பங்குக்குப் பக்கத்துக் கருவியின் முகவரியை மட்டும் எழுதும். கடை ரவுட்டர் இந்தக் கடைசிக் குறிப்பைக் கிழித்துவிட்டு, ஐபி முகவரியைப் பார்த்து, அடுத்த தாவலுக்குப் புதிதாக ஒன்று எழுதி ஃபைபரில் அனுப்புகிறது. வழியில் வரும் ஒவ்வொரு ரவுட்டரும் இதையேதான் செய்யும். உள்ளே இருப்பது பூவா, பாட்டா, வங்கிக் கணக்கா என்று அதற்குத் தெரிய வேண்டியதே இல்லை. எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்தால்? நெரிசல் மிகுந்தால் ரவுட்டர் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். அதைத் தேடிப் பிடிப்பது அதன் பொறுப்பில்லை. பெறும் முனைதான் வரிசை எண்ணில் ஓட்டை விழுந்ததைக் காண்கிறது. வந்தவரைக்கும் ரசீது அனுப்புகிறது. அதை வைத்து அனுப்பிய முனை விடுபட்டதை மறுபடி அனுப்புகிறது.

வழியனுப்புவது ஐபி, தொலைந்ததை மீட்பது டிசிபி என்ற இந்தப் பிரிவினை ஆரம்பத்திலேயே இருந்ததல்ல. டிசிபியை வடிவமைத்த வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு வேலையும் ஒரே நெறிமுறைக்குள் இருந்தன. ஆனால் குரலை அனுப்பிப் பார்த்தவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. தாமதமாக வந்துசேரும் சொல்லைவிட, வராமலே போகும் சொல் பரவாயில்லை. அதனால் 1978 வாக்கில் ஐபியைத் தனியே பிரித்தார்கள். இன்றைக்கும் இணைய வழி அழைப்புகள் பெரும்பாலும் டிசிபியை விட்டுவிட்டு, தொலைந்ததை மறுபடி அனுப்பாத யுடிபி என்ற நெறிமுறையில்தான் போகின்றன. 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலைப்பின்னல் டிசிபி/ஐபிக்கு மாறியது. வலைப்பின்னலின் வேலைகளை ஏழு அடுக்காகப் பிரித்துக் காட்டும், கல்லூரியில் மனப்பாடம் செய்யும் ஓஎஸ்ஐ மாதிரி 1984-இல்தான் தரமாக வெளியானது. பேச அது நல்ல சட்டகம், ஓடுவதென்னவோ டிசிபி/ஐபிதான்.

வியாபாரி கடையை விட்டு இறங்கி 4ஜிக்கு மாறினால் பழைய டிசிபி இணைப்பு பொதுவாக அறுந்து, புதிதாக ஒன்று தொடங்கும். செயலியின் நிரலில் ஒரு வரிகூட மாற வேண்டியதில்லை.

நெட் வரவில்லை என்றால் கீழிருந்து மேலே பாருங்கள். முதலில் ரவுட்டரில் விளக்கு எரிகிறதா? அப்புறம் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு பிங், அதாவது பதில் கேட்கும் சிறு சோதனைச் செய்தி, போய்த் திரும்புகிறதா? அது போயும் தளம் திறக்கவில்லை என்றால், அடுத்து டிஎன்எஸ்ஸைச் சந்தேகியுங்கள். பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது அதுதான்.