ஹோலோடைப்: ஒரு பெயரைத் தாங்கும் ஒற்றை வண்டு

காட்டுத் தரையில் வாழும் ரோவ் வண்டு ஒன்றைப் புதிய இனமென்று அறிவிக்கும் கட்டுரையைப் புரட்டினால், புதுப் பெயருக்குக் கீழே 'ஹோலோடைப்' என்ற சொல் வரும். அதைத் தொடர்ந்து ஆணா பெண்ணா, எந்தக் காடு, எவ்வளவு உயரம், எந்தத் தேதி, இப்போது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்ற விவரங்கள் இருக்கும். புதுப் பெயர் எந்த ஒற்றை உடலோடு கட்டப்பட்டிருக்கிறதோ அந்த உடலே ஹோலோடைப்.

கிரேக்கத்தில் 'ஹோலோஸ்' என்றால் முழுமை. 'டுப்போஸ்' முதலில் அடியைக் குறித்து, பின்னர் அடி பதித்த தடத்தையும் அச்சையும் உருவத்தையும் குறிக்கலாயிற்று. இவ்விரண்டையும் இணைத்த சொல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பிறந்தது. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-இல் ரோவ் வண்டுகளின் ஸ்டாஃபிலினஸ் என்ற பேரினத்துக்குப் பெயர் சூட்டியபோது இப்படியோர் ஏற்பாடே கிடையாது. இன்றோ நிலைமை வேறு. 1999-க்குப் பிறகு வெளியாகும் புதிய விலங்கினப் பெயர் எதுவும், அதைத் தாங்கும் மாதிரியை வெளிப்படையாகக் குறிப்பிடாவிட்டால் செல்லாது.

ரோவ் வண்டுகளுக்கு இந்த ஏற்பாடு உயிர்நாடி. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்ட குடும்பம் இது. முன்சிறகு குட்டையாக இருப்பதால் வயிற்றுக் கண்டங்கள் பெரும்பாலும் வெளியே தெரியும். பல இனங்கள் சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும். சருகைச் சலித்து எடுத்த இரண்டு வண்டுகள் நிறத்திலும் அளவிலும் அச்சு அசலாக ஒன்றுபோல் தெரிந்தாலும், ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்தால் வெவ்வேறு இனங்கள் என்று புலப்படும். அதனால்தான் இக்குடும்பத்தில் ஹோலோடைப் பெரும்பாலும் ஆணாக இருக்கிறது. சிறிய அட்டைத் துண்டில் ஒட்டிய வண்டு, பிரித்தெடுத்த உறுப்பு, கிடைத்த இடத்தைச் சொல்லும் சீட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் வழக்கமாக ஒரு சிவப்புச் சீட்டு. இத்தனையும் ஒரே ஊசியில் கோக்கப்பட்டிருக்கும்.

டார்வின் 1832-இல் அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்காவில் பிடித்த ரோவ் வண்டு ஒன்று இப்படித்தான் பெயர் பெற்றது. நெடுங்காலம் காணாமற்போயிருந்த அந்த உடல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகச் சேகரிப்பில் மீண்டும் கண்டறியப்பட்டது. 2014-இல் பூச்சியியலாளர் சாட்ஸிமனோலிஸ் அதையே ஹோலோடைப்பாக வைத்து டார்வினிலஸ் செடாரிசி என்ற புதிய பேரினத்தையும் இனத்தையும் விவரித்தார். பிடித்தவர் மறைந்து நூறாண்டுக்கு மேல் கடந்த பின்னும் அந்த உடல் சாட்சி சொன்னது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

தமிழில் இதை எப்படிச் சொல்லலாம்? 'முழுவகை' என்பது வேர்ச்சொல்லை அப்படியே பெயர்த்தது. கேட்பவருக்கு எதுவும் விளங்காது. 'வகைமாதிரி' அதைவிட மேல் என்றாலும் ஓர் ஆபத்து உண்டு. மாதிரிப் பள்ளி என்னும்போது முன்னுதாரணம் என்ற பொருள் வருகிறதல்லவா? ஹோலோடைப் அப்படிப்பட்டதல்ல. அது தன் இனத்திலேயே மிகச் சிறியதாகவோ கால் ஒடிந்ததாகவோ இருக்கலாம். சராசரியாகவோ அழகாகவோ இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

என் தேர்வு 'மூலப்படி'. படி என்பதற்கு உருவம், ஒப்பு என்ற பழைய பொருள் உண்டு. டுப்போஸ் சொல்வதும் அதைத்தான். ஆவணத்தில் ஐயம் எழுந்தால் நகலை நம்பாமல் மூலப்படியைக் கேட்பதுபோல, இனத்தில் ஐயம் எழுந்தால் ஆய்வாளர் இந்த உடலிடம்தான் திரும்புவார். உடன் குறிக்கப்படும் மற்ற உடல்களான பாராடைப்புகளைத் 'துணைப்படிகள்' எனலாம். முற்காலத்தில் பல உடல்களை வைத்து விவரித்த இனத்துக்குப் பின்னர் ஒன்றைத் தேர்ந்தால் அது லெக்டோடைப், அதாவது 'தெரிவுப்படி'. பெயர்தாங்கி உடல் அழிந்து, இனத்தின் அடையாளம் பற்றிய சிக்கலைத் தீர்க்கப் புதிதாக ஒன்றை அமர்த்த நேர்ந்தால் அது நியோடைப். அதற்கு 'மாற்றுப்படி' பொருந்தும்.