ஏறும்போது மூச்சு, இறங்கிய பிறகு தொடை

பர்வதமலைக்குப் போய்வந்த வேலூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏறும்போது மூச்சுதான் முட்டியது, கால் வலிக்கவில்லை. இறங்கும்போது கதை பேசிக்கொண்டே வந்தேன். மறுநாள்கூடப் பரவாயில்லை. அதற்கடுத்த நாள் பஸ் படியில் இறங்க முடியவில்லை. ஏன்?"

அந்த மலையில் கூட நடப்பவர்களிடம் இதற்கு விடை தயாராக இருக்கும். நான் போனபோது கடப்பாறைப் படிக்குக் கீழே உட்கார்ந்திருந்த போளூர் அம்மா, "மனசுல சஞ்சலத்தோட ஏறுனா அப்படித்தான் கால் புடிக்கும்" என்றார். புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த ஜிம் பையன், "அதெல்லாம் லாக்டிக் ஆசிட்மா" என்று திருத்தினார். என்னைக் கேட்டால் இரண்டுமே மூடநம்பிக்கைதான். இரண்டாவதற்கு அறிவியல் பெயர் இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை, அவ்வளவே.

கடும் உழைப்பில் தசையில் உருவாகும் லாக்டிக் அமிலம், உழைப்பு நின்று ஒரு மணி நேரம், மிஞ்சினால் சற்றுக் கூடுதலான நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து வடிந்துவிடும். இரண்டு நாள் காத்திருந்து வலிக்க வைக்காது. 1983இல் ஓடுபொறியில் ஆட்களை ஓடவைத்துப் பார்த்தார்கள். சமதளத்தில் ஓடியபோது லாக்டிக் அமிலம் ஏறியது, பிற்பாடு வலி இல்லை. சரிவில் இறங்கி ஓடியபோது அமிலம் ஏறவில்லை, வலி வந்தது.

சரி, இறக்கத்தில் அப்படி என்ன நடக்கிறது? தசைநாருக்குள் சார்கோமியர் என்ற நுண் அலகுகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 400. ஒவ்வொன்றிலும் மயோசின் என்ற புரத இழைகளின் தலைகள் ஆக்டின் என்ற புரத இழைகளைப் பற்றி இழுக்க, தசை சுருங்குகிறது. ஒவ்வொரு பிடியையும் விடுவிக்க, தசையின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாகும். மேலே ஏறும்போது தொடையின் முன்தசை இப்படித்தான் சுருங்கி உடம்பைத் தூக்குகிறது.

இறங்கும்போது அதே தசை இழுத்துப் பிடித்தபடியே நீள்கிறது. கிணற்றில் நிறைகுடத்தை மெல்ல இறக்கும் கை மாதிரி: பிடியை விடவும் இல்லை, கயிறு நழுவாமலும் இல்லை. மயோசின் தலைகளை இங்கே உடம்பின் எடையே பிய்த்தெடுத்துவிடுகிறது. ஏடிபி செலவு மிகக் குறைவு. பிய்ந்த தலை உடனே அடுத்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது. கதை பேசிக்கொண்டே இறங்க முடிவது இதனால்தான்.

இந்தச் செலவு வித்தியாசத்தைக் காட்ட 1952இல் அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற ஆய்வாளர்கள் மூவரும் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்துச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அதை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். லண்டன் ராயல் சொசைட்டியில் செய்துகாட்டியபோது, எதிர்த்துப் பிடித்த சிறிய உருவப் பெண் அலட்டிக்கொள்ளாமல் இருக்க, மிதித்த வாட்டசாட்டமான ஆண் களைத்துப்போனார். இரண்டு சைக்கிளில் முடிந்த ஆராய்ச்சி! நம் கல்லூரிகளில் கோடிக்கணக்கில் கருவி வாங்கினால்தான் ஆராய்ச்சி என்ற எண்ணம் எனக்கு எரிச்சலூட்டும். சமதளத்தில் 14 கிலோமீட்டர் திருவண்ணாமலை கிரிவலம், பக்கத்திலேயே 4,560 அடி பர்வதமலை. 1983 சோதனையைத் திரும்பச் செய்யப் பௌர்ணமிதோறும் கூட்டம் தயாராக இருக்கிறது. மாணவர்களுக்குக் கொஞ்சம் நிதி கொடுத்தால் போதும்.

செலவு குறைவு என்பதுதான் வினையும். குறைவான தசைநார்களே வேலைக்கு வருவதால்தான் அந்தச் சிக்கனம்; ஆகவே அந்தச் சிலவே எல்லா எடையையும் தாங்குகின்றன. வரிசையில் பலவீனமான சார்கோமியர்கள் அளவுக்கு மீறி நீண்டு, இழைகள் விலகிப்போகின்றன. இந்த வலிக்குத் தசை கிழிவதே காரணம் என்று ஹஃப் என்ற ஆய்வாளர் 1902லேயே சொன்னார். சேதமான இடத்தில் அழற்சியும் வீக்கமும் மெல்லத்தான் சேரும்; அங்குள்ள நரம்பு முனைகள் கூச்சம் கண்டு, 24 முதல் 72 மணி நேரத்தில் வலி உச்சத்துக்குப் போகும்.

ஆறும்போது தசை முன்பைவிடத் தாக்குப்பிடிக்கும்படி ஆறுகிறது. ஒரே ஒரு இறக்கம்கூடச் சில வாரங்களுக்குப் பாதுகாப்பு தரும். தண்ணீர் பாட்டில் மூட்டையோடு அடிக்கடி ஏறி இறங்கும் கடைக்காரர் நொண்டாததற்கு இதுவே காரணம்.

ஆகவே அடுத்த பௌர்ணமிக்குப் போகிறவர்கள் பத்து நாள் முன்னால் சோளிங்கர் மலைக்கோயிலுக்குப் போய்வரலாம். ரோப் காரில் ஏறுங்கள், படியில் இறங்குங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சுமார் 1,300 படி. கையில் ஒரு தடி இருந்தால் முட்டிக்கும் நல்லது, குரங்குக்கும் ஆகும்.