எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறதா? சாலை அகலப்படுத்தும் பணியின் சுற்றுச்சூழல் அறிக்கையை எப்படிப் படிப்பது

சாலையை அகலப்படுத்தும் வேலை நடக்கிற ஊர்களில், அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியாமலேயே அவர்களைப் பற்றி ஓர் அறிக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தயாராகிக்கொண்டிருக்கும். அவர்கள் சுவாசிக்கிற காற்றில் தூசி எவ்வளவு, பள்ளிக்கூட வாசலில் இரைச்சல் எவ்வளவு, ஏரித் தண்ணீர் எப்படி இருக்கிறது, வெட்டின மரத்துக்குப் பதில் எத்தனை கன்று வைத்தார்கள், இப்படி. அதைச் சரிபார்த்துக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவதுதான் என் பிழைப்பு. பெரும்பாலான அறிக்கைகளின் கடைசி வரி ஒன்றுதான்: எல்லா அளவுகளும் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளன. அதே வாரம் அதே ஊரில் டீக்கடைக்காரர் பலகாரத் தட்டை மூன்று முறை துடைத்துக்கொண்டிருப்பார். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடிகிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு சட்ட விஷயம். சாலையை அகலப்படுத்தினாலே மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எந்தத் திட்டத்துக்கு அந்த அனுமதி வேண்டும் என்று சொல்லும் 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 2013 ஆகஸ்டில் செய்த திருத்தத்தின்படி, தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கம் 100 கிலோமீட்டருக்கு மேல் இருந்து, கூடுதலாக எடுக்கும் நிலமும் பழைய தடத்தில் 40 மீட்டர், புறவழிச்சாலையில் 60 மீட்டர் என்ற அளவைத் தாண்டினால்தான் அந்த அனுமதி தேவை. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி வழியாக நாகப்பட்டினம் போகும் சாலை கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர். அதன் விரிவாக்கத்துக்கு இந்த அனுமதி வேண்டுமா என்ற வழக்கில் 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நில எடுப்பு அந்த அளவுக்குள் இருப்பதால் முன் அனுமதி தேவையில்லை என்றுதான் சொன்னது. நம் ஊர்ப்பக்கம் நடக்கிற பல விரிவாக்கங்கள் இப்படி வெளியே நின்றுவிடும். அப்போது கையில் மிஞ்சுவது ஒப்பந்தத்தோடு இணைத்திருக்கும் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டம் ஒன்றுதான். அதைக் கண்காணிக்கவில்லை என்றால் வேறு பிடி பெரிதாகக் கிடையாது.

வெளிநாட்டு வங்கிக் கடன் இருந்தால் நிலைமை கொஞ்சம் வேறு. சென்னை - கன்னியாகுமரி தொழில் வழித்தடத்தில் சுமார் 590 கிலோமீட்டர் மாநில நெடுஞ்சாலைகளை மேம்படுத்த 2021-ல் ஆசிய வளர்ச்சி வங்கி 48.4 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. அதன் கொள்கைப்படி கண்காணிப்பு அறிக்கைகள் வங்கியின் இணையதளத்திலேயே வெளியாகும். ஆங்கிலத்தில்தான் இருக்கும், நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும், ஆனாலும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

சரி, தூசிக்கு வருவோம். பிஎம் 10 எனப்படும், 10 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ள நுண்துகளுக்கு 2009-ம் ஆண்டுத் தேசியத் தரநிலை 24 மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். இந்த 'சராசரி' என்ற இடத்தில்தான் பாதி விஷயம் ஒளிந்துகொள்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலை நடக்கும் 8 மணி நேரம் தூசி 200, ஆள் இல்லாத மீதி 16 மணி நேரம் 40 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 93. பாஸ். அந்த எட்டு மணி நேரத்தில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வருகிறார்கள், கடை திறந்திருக்கிறது, பஸ்ஸுக்கு ஆட்கள் நிற்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, எண்ணும் சரியான எண்தான், ஆனால் டீக்கடைக்காரரின் அனுபவம் அதில் இல்லை. அதனால்தான் எட்டு எட்டு மணி நேரமாக மூன்று ஷிப்ட்டில் எடுத்த அளவைத் தனித்தனியாகக் காட்டச் சொல்லி நான் கேட்பது. பகல் ஷிப்ட்டை மட்டும் எடுத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கும்.

அடுத்தது இடம். தூசி அளக்கும் கருவியைத் தரையில் வைக்க மாட்டார்கள், 3 முதல் 10 மீட்டர் உயரத்தில் வைப்பது வழிமுறை. கரண்ட் வேண்டும், ராத்திரி திருட்டுப் போகக்கூடாது. ஆக, யாராவது ஒரு வீட்டு மொட்டைமாடி. அதுவரை சரி. ஆனால் அந்த வீடு சாலையிலிருந்து எவ்வளவு தூரம், காற்றடிக்கும் திசையில் இருக்கிறதா எதிர்த்திசையில் இருக்கிறதா, அன்று அந்தக் கிலோமீட்டரில் வேலை நடந்ததா, முந்தின நாள் மழை பெய்ததா என்பதெல்லாம் அறிக்கையில் இருக்க வேண்டும். கிராவல் கொட்டிச் சமன் செய்யும் வேலை 14-வது கிலோமீட்டரில் நடக்கும்போது தார் போட்டு முடித்த 3-வது கிலோமீட்டரில் கருவியை வைத்து எடுத்த எண்ணும் 'வேலை நடக்கும் காலத்துக் காற்றுத்தரம்' என்ற தலைப்பில்தான் வரும். தேதியையும் இடத்தையும் ஒப்பந்ததாரரின் தினசரி வேலைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும், ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை யாரும் செலவழிப்பதில்லை.

இரைச்சலில் தலைகீழ். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம் என்று அறிவித்திருந்தால் 50, 40. பஸ்ஸும் லாரியும் ஓயாமல் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில், வேலை தொடங்குவதற்கு முன்பே 65, 70 இருப்பது சாதாரணம். அப்படிப்பட்ட இடத்தில் 54.2 என்று ஓர் அறிக்கை வந்தால் எனக்கு சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். வரம்பை ஒட்டி, ஆனால் தொடாமல், காலாண்டுக்குக் காலாண்டு தசமப் புள்ளி மட்டும் மாறி வரும் எண்களைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது மூல விவரத் தாள்தான். கருவி எப்போது ஓட ஆரம்பித்தது, தூசி என்றால் அதைப் பிடிக்கும் வடிகட்டித் தாளின் எடை முன்னும் பின்னும் எவ்வளவு, கருவிக்குள் காற்றோட்ட வேகம் எவ்வளவு, எதுவானாலும் கருவியைக் கடைசியாகச் சரிபார்த்த சான்றிதழ் எங்கே. உண்மையாக அளந்தவர்களிடம் இதெல்லாம் இருக்கும், அசிங்கமான கையெழுத்தில், தேநீர்க் கறையோடு இருக்கும். அளக்காதவர்கள் 'நாளைக்கு மெயிலில் அனுப்புகிறோம் சார்' என்பார்கள்.

வேலை ஆரம்பிக்கும் முன் எடுக்க வேண்டிய அடிப்படை அளவு இல்லாத திட்டத்தில் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது. இரைச்சல் அதிகம் என்றால், முன்பிருந்தே அப்படித்தான் என்று பதில் வரும்.

இதுவரை சொன்னது எண்கள் வருகிற விஷயங்கள். என்னைக் கேட்டால், விரிவாக்கத்தில் ஊருக்கு நிரந்தரமாக நடக்கிற சேதம் பெரும்பாலும் எந்த ஆய்வகத் தாளிலும் வராது. தண்ணீர் போகிற வழியைத்தான் சொல்கிறேன். சாலையை அகலப்படுத்தும்போது ஏரி உபரி வாய்க்காலின் மேல் இருக்கும் சிறுபாலங்களை நீட்டுவார்கள், வேலை முடியும் வரை பக்கத்தில் மண் கொட்டி மாற்றுப்பாதை போடுவார்கள், அதற்கடியில் பேருக்கு ஒன்றிரண்டு குழாய் வைப்பார்கள். மே மாதம் அது பிரச்சினையே இல்லை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்ததும், ஏரி நிரம்பி வழியும் கலிங்கிலிருந்து வருகிற தண்ணீர் அந்தக் குழாயில் போக முடியாமல் வயலிலோ தெருவிலோ ஏறும். பாலம் முடிந்த பிறகும் மாற்றுப்பாதை மண்ணை அள்ளாமல் வாய்க்காலிலேயே விட்டுவிடுவது அடுத்த கொடுமை. சாலை மட்டத்தை உயர்த்திவிட்டு ஓரத்து வீடுகளின் வாசலைக் குளமாக்குவது இன்னொன்று. அதனால் எந்தத் தணிக்கையை விட்டாலும் செப்டம்பர் தணிக்கையை விடக்கூடாது என்பது என் கட்சி. ஒவ்வொரு சிறுபாலத்தையும் இறங்கிப் பார்க்க வேண்டும், காரில் இருந்தபடி அல்ல. எது எந்த மதகின் தண்ணீர் என்று ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போய்க் கேட்டால் வரைபடத்தில் இல்லாத இரண்டு வாய்க்கால் கிடைக்கும்.

மண் எடுத்த பள்ளமும் அப்படித்தான். மேல்மண்ணை 15 சென்டிமீட்டர் வரை தனியாக எடுத்து, 2 மீட்டருக்கு மேல் உயராத குவியலாக வைத்துப் பிறகு திரும்பப் பரப்ப வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பிலேயே இருக்கிறது. நடைமுறையில் மேல்மண்ணும் கிராவலும் ஒரே டிப்பரில் போய்விடும். செங்குத்தாக வெட்டிவிட்ட பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்றால் அது பிள்ளைகளுக்கு எமன். சரிவாக வெட்டி, வேலி போட்டு, நில உரிமையாளரிடம் எழுதி வாங்கி, மூடின பிறகு புகைப்படம் எடுத்து இணைத்தால் மட்டுமே அந்தப் பகுதிக்குக் கையெழுத்துப் போடுவேன்.

மரத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக. வெட்டின மரம் ஒன்றுக்குப் பத்துக் கன்று என்று கணக்கு அழகாகத்தான் இருக்கும். சாலையோரப் புளியமரங்களை எடுத்துவிட்டுச் சாலையை எல்லைக்கல் வரை அகலப்படுத்தியபின் அந்தப் பத்தை எங்கே வைப்பது? கடைசியில் சாலை நடுவில் இருக்கும் மீடியனில் வைத்த அரளியும் காகிதப்பூவும் எண்ணிக்கையில் சேரும். நட்ட கன்று எத்தனை என்று கேட்காதீர்கள், மூன்றாம் ஆண்டுக் கோடையில் உயிரோடு இருப்பது எத்தனை, எந்த இனம், எந்தக் கிலோமீட்டர் என்று கேளுங்கள். தேசிய நெடுஞ்சாலைகளில் திட்டச் செலவில் 1 சதவீதத்தை மரம் வளர்ப்புக்கு ஒதுக்க 2015-ம் ஆண்டுப் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை சொல்கிறது, ஆக காசு இல்லை என்ற பதில் அங்கே எடுபடாது. ஆல், அரசு போன்றவற்றை வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம். வயதான புளிக்கு அந்த நம்பிக்கை குறைவு.

இதெல்லாம் ஏன் இப்படி நடக்கிறது என்றால் காசு போகும் வழியைப் பார்க்க வேண்டும். தண்ணீர் தெளிப்பது, வாய்க்கால் சுத்தம் செய்வது போன்றவற்றைப் பல ஒப்பந்தங்களில் வேலையோடு சேர்ந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், தனி விலை கிடையாது. பில் போட முடியாத வேலைக்கு டேங்கர் வராது. தனி இனமாகப் போட்டு அளந்து பணம் கொடுக்கிற ஒப்பந்தங்களில் லாரி காலையிலும் மாலையிலும் தானாக வந்துவிடும். அப்புறம், காற்றையும் நீரையும் அளக்கும் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுப்பது பெரும்பாலும் ஒப்பந்ததாரர்தான். பெண் வீட்டாரே ஜோசியருக்குக் காசு கொடுத்துப் பொருத்தம் பார்க்கச் சொன்னால் பொருந்தாமலா போகும்?

இது என் புலம்பல் மட்டும் அல்ல, குஜராத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே 1996 முதல் தொழிற்சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் தணிக்கை உண்டு, தணிக்கையாளருக்குப் பணம் கொடுப்பது தொழிற்சாலை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் சிலர் மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து 2009-லிருந்து அகமதாபாத், சூரத் பகுதிகளில் ஒரு பகுதி ஆலைகளுக்கு மட்டும் முறையை மாற்றினார்கள். தணிக்கையாளரை ஆலை தேர்ந்தெடுக்காது, குலுக்கலில் ஒதுக்குவார்கள், சம்பளம் பொது நிதியிலிருந்து, சில அளவுகளை வேறு ஆட்கள் போய் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். பழைய முறையில் எண்கள் வரம்புக்குச் சற்றுக் கீழே கும்பலாக நின்றன, புதிய முறையில் உண்மை எண்கள் வரத் தொடங்கின, ஆலைகளும் மாசைக் குறைத்தன. 2013-ல் வெளியான முடிவு இது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தணிக்கை விதிகளிலும் பதிவு பெற்ற தணிக்கையாளரைக் குலுக்கல் போன்ற முறையில் ஒதுக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது.

உங்கள் ஊர் வழியாக வேலை நடந்துகொண்டிருந்தால், 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். 'சுற்றுச்சூழல் பாதிப்பு என்ன' என்று கேட்டால் நான்கு பக்கத்துக்கு ஒன்றுமில்லாத பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: ஒப்பந்தத்தில் இணைத்த மேலாண்மைத் திட்டத்தின் நகல், கடைசி இரண்டு காலாண்டின் மூல அளவீட்டுத் தாள்கள், வெட்டுவதற்கு எண் போட்ட மரங்களின் பட்டியல், தார் கலவை ஆலைக்கு மாசு கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணை, மண் எடுத்த இடங்களின் சர்வே எண். கிடைத்ததும் அளவீடு எடுத்த தேதியை எடுத்துக்கொண்டு, அன்று உங்கள் தெருவில் ஜேசிபி ஓடியதா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். ஓடவில்லை என்றால், வேலை நடக்கிற நாளில் மறுபடி அளக்கச் சொல்லித் திட்ட இயக்குநருக்கும் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிவிட்டு, நகலைக் கிராம சபையில் வையுங்கள்.