சினாரியோ: எதிர்காலக் காட்சி

நூலக வளர்ச்சித் திட்டங்களில் ஆங்கிலத்தில் ‘சினாரியோ’ (scenario) என்று வரும் இடத்தில் தமிழில் ‘சூழ்நிலை’ என்று எழுதிவிடுகிறோம். அது பொருந்தவில்லை. சூழ்நிலை என்பது இப்போது நம்மைச் சுற்றி இருப்பது. சினாரியோ இனி வரக்கூடியது. அதுவும் ஒன்றல்ல, பல.

சொல்லின் வேர் கிரேக்க மொழியின் ‘ஸ்கேனே’. கூடாரம் என்று பொருள். ஆடுகளத்துக்குப் பின்னால் நடிகர்கள் உடை மாற்றிக்கொண்ட அமைப்பையும் அப்படியே அழைத்தார்கள். இலத்தீன் வழியே இத்தாலிக்குப் போய் ‘ஷெனாரியோ’ ஆயிற்று. அங்கே கொமேதியா தெல்லார்த்தே என்ற நாடக வகையை ஆடிய குழுக்கள் முழு வசனத்தையும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. யார் எப்போது நுழைவது, என்ன நடப்பது என்ற போக்கு மட்டும் தாளில் இருக்கும்; பேச்சு மேடையில் பிறக்கும். அந்தத் தாள்தான் ஷெனாரியோ. இந்தப் பழைய பொருளை மனத்தில் வைத்துக்கொண்டால் இன்றைய பொருளும் பிடிபடும்: போக்கு தரப்படுகிறது, நாம் என்ன செய்வோம் என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

திரைத்துறை வழியாகப் பரவிய சொல்லை 1950களில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் ஹெர்மன் கான் என்ற ஆய்வாளர் போர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். 1970களின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக்கின் குழு அதை வணிகத் திட்டமிடலுக்குக் கொண்டுவந்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்கு முன்பே அப்படியொன்று வரக்கூடும் என்பதை நிர்வாகத்தின் முன் அவர்கள் வைத்திருந்ததால் முறை புகழ்பெற்றது.

நூலகத் துறையில் தெளிவான எடுத்துக்காட்டு, அமெரிக்க, கனடிய ஆய்வு நூலகங்களின் சங்கம் 2010இல் வெளியிட்ட, 2030ஐ நோக்கிய 4 காட்சிகள். ஒன்றில் தனி ஆய்வாளர்களே தொழில்முனைவோர்போல் இயங்குகிறார்கள். இன்னொன்றில் பணம் வற்றி, இருக்கும் ஆய்வையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். மூன்றாவதில் பெருந்தரவைச் சுற்றி அறிவுத்துறைகள் அதிகாரம் பெறுகின்றன. நான்காவதில் ஆய்வுக்கான பணமும் விதிமுறையும் ஆசியாவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் வருகின்றன. இவற்றில் நூலகம் எப்படி இருக்கும் என்று எழுதவே இல்லை. வேண்டுமென்றே விட்டார்கள். எழுதியிருந்தால் வாசிப்பவர் தன் நூலகத்தின் வேலையை யோசிக்காமல், வரைந்து காட்டிய நூலகம் தனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்திருப்பார்.

முன்கணிப்பு ஒரே விடை சொல்லும். தொலைநோக்கு நாம் விரும்புவதைச் சொல்லும். சினாரியோ இரண்டுமில்லை என்பதால் அச்சொற்களை இதற்கு எழுதக் கூடாது. ‘காட்சி’ நெருங்கி வருகிறது. அசையாத படம் என்று தோன்றலாம். ஆனால் நாடகக் காட்சியில் ஆள் நுழைவார், ஏதோ நடக்கும், நிலைமை மாறும். வேர்ப்பொருளோடும் ஒட்டுகிறது. தனியாக எழுதினால் நூலகத்தில் புதுநூல் காட்சியோடு குழம்பும். ஆகவே ‘எதிர்காலக் காட்சி’ என்பதே சரி. முறைக்குக் ‘காட்சிவழித் திட்டமிடல்’ எனலாம்.

செய்முறையில் முதலில் ஒரு முடிவும் ஒரு காலமும் வேண்டும்: ‘அடுத்த 15 ஆண்டுகளுக்கு அச்சு இதழ்களை எங்கே வைப்பது?’ வெளியிலிருந்து அழுத்தும் காரணிகளை எழுதி, உறுதியானவற்றை ஒதுக்கி, மிக முக்கியமாகவும் மிக நிச்சயமற்றதாகவும் உள்ள இரண்டை அச்சுகளாக, அதாவது ஒன்றையொன்று வெட்டும் குறுக்குக் கோடாகவும் நெடுக்குக் கோடாகவும் வைத்தால் 4 கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், இரண்டு பக்கக் கதை.

பெரும்பாலும் இந்த இரண்டு அச்சுகளைத் தேர்வதில்தான் கெடுகிறது. திறப்பு நேரத்தை அச்சாக வைப்பார்கள். அது நம் கையில் உள்ள முடிவு, காரணியல்ல. மானியம், பணியிடங்கள் என்று இரண்டையும் வைப்பார்கள். ஒன்று குறைந்தால் மற்றதும் குறையும் என்பதால் இரண்டு கட்டங்களில் கதையே பிறக்காது. காட்சிகள் மூன்றாக இருந்தால் எல்லோரும் நடுவில் உள்ளதைப் பிடித்துக்கொள்வார்கள். ‘நல்லது’, ‘கெட்டது’ என்று பெயரிட்டாலும் இதே கதிதான்.

பிறகு முடிவை நான்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். இதழ்களை நூலகத்துக்கு வெளியே உள்ள தொலைக்கிடங்குக்கு மாற்றுவது நான்கிலும் தாங்கினால் இப்போதே செய்யலாம். ஒன்றில் மட்டும் தாங்கினால், அந்தக் காட்சி நெருங்குவதைக் காட்டும் அடையாளங்களை எழுதிவைத்து, ஆண்டுதோறும் யார் பார்ப்பது என்று ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும்.