ஸ்டிக்கர் வந்துடுச்சு, பிசுக்கு போகலையே!

காரைக்குடிக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. கைமுறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை என்று ஏதாவது ஒரு டப்பா பையில் ஏறிவிடும். பலகாரம் சீக்கிரம் தீர்ந்துபோகும், டப்பா தங்கிவிடும். உள்ளே இருப்பது பளிச்சென்று தெரிகிற டப்பாவைத் தூக்கிப்போட எந்த ஆச்சிக்கும் மனசு வராது. வத்தல் போடலாம், வடகம் போடலாம். கழுவ எடுக்கும்போதுதான் வில்லங்கம். ஸ்டிக்கரின் காகிதம் கையோடு வந்துவிடும், அடியில் இருக்கும் பசை அசையாது. தண்ணீரில் ஊறப்போட்டாலும் போகாது. பச்சை நாரால் தேய்த்தால் பசை போகும், கூடவே டப்பாவின் தெளிவும் போய்விடும்.

மைதாவைக் காய்ச்சி ஒட்டும் பசை காய்ந்து இறுகித்தான் பிடிக்கும். மறுபடி நனைத்தால் இளகிவிடும். ஸ்டிக்கர் பசை காய்வதே இல்லை. அது காயாமல் இருப்பதால்தான் விரலால் அழுத்தியதும் ஒட்டுகிறது. 1930-ல் த்ரீஎம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ கொண்டுவந்த செலோபேன் டேப்பும், 1935-ல் ஸ்டான் ஏவரி தயாரிக்கத் தொடங்கிய ஒட்டு லேபிளும் இந்த வகைப் பசையை நம்பியவைதான். ரப்பர் போன்ற நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளோடு ஒட்டும் தன்மை தரும் பிசினைக் கலந்தால் ஒரு வகைப் பசை கிடைக்கும். அக்ரிலிக் சங்கிலிகளால் ஆனது இன்னொரு வகை. இரண்டுமே பாதி திரவம், பாதி திடம்.

அதிரசப் பாகைத் தொட்டு விரல்களை மெல்லப் பிரித்தால் நூல் நூலாக இழுபடும் அல்லவா? ஸ்டிக்கர் பசையும் அப்படித்தான். மெதுவாக உரித்தால் அது திரவம் போல நடந்துகொண்டு, இழுபட்டு, நடுவிலேயே அறுந்துபோகிறது. பாதி காகிதத்தோடு வரும், பாதி டப்பாவில் நிற்கும். சடக்கென்று இழுத்தால் திடம் போல நடந்துகொண்டு, பெரும்பாலும் பரப்பிலிருந்தே முழுசாக விட்டு வந்துவிடும். காகித லேபிளை அந்த வேகத்தில் இழுத்தால் காகிதமே கிழிந்துவிடுகிறது என்பது வேறு கதை. மாதக்கணக்கில் வெயிலில் கிடந்த டப்பா என்றால் இன்னும் மோசம். வெக்கையில் பசை பரப்பின் நுண்ணிய பள்ளங்களுக்குள் வழிந்து இறங்கியிருக்கும், காற்றும் வெளிச்சமும் பட்டு அதன் தன்மையும் மாறியிருக்கும்.

இனி டப்பாவைப் பார்ப்போம். அதுவும் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனதுதான், ஆனால் அந்தச் சங்கிலிகள் உறைந்து கிடக்கின்றன. தெளிவான பலகார டப்பாக்களில் பெரும்பாலானவை பெட் (PET) பிளாஸ்டிக். அதன் சங்கிலிகள் அசையத் தொடங்கவே சுமார் 75 டிகிரி செல்சியஸ் வேண்டும். பசையின் சங்கிலிகளோ பூஜ்யத்துக்குக் கீழேயே அசையத் தொடங்கிவிடும். நம் அறை வெப்பத்தில் ஒன்று நெகிழ்ந்து கிடக்கிறது, இன்னொன்று இறுகி நிற்கிறது. கீறாமல் பசையை எடுக்கும் வித்தை முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. நெகிழ்ந்ததற்குள் நுழைந்து, இறுகியதற்குள் நுழையாத ஒரு திரவம் கிடைத்தால் போதும்.

தேங்காய் எண்ணெய் அப்படிப்பட்டது. ரப்பரும் எண்ணெயும் குணத்தில் ஒரே இனம், அதனால் ஒன்றுக்குள் ஒன்று கலக்கும். எண்ணெய் மூலக்கூறு உருவத்தில் பெரியது என்பதால் இறுகிய பிளாஸ்டிக்குக்குள் அதனால் எளிதில் புக முடியாது. தண்ணீர் பசை, பிளாஸ்டிக் இரண்டோடும் சேராது. அதனால்தான் இரவெல்லாம் ஊறப்போட்டாலும் காகிதம் மட்டும் கூழாகிறது.

அசிட்டோன் வேறு ரகம். நெயில் பாலிஷ் ரிமூவர் பலவற்றில் இருப்பது அதுதான். மூலக்கூறு மிகச் சிறியது, பசைக்குள்ளும் புகும், பிளாஸ்டிக்குக்குள்ளும் புகும். பெட் டப்பாவில் அதைத் தடவினால், குறிப்பாகத் தடித்த கழுத்திலும் அடியிலும், சங்கிலிகள் இளகிப் படிகமாக அடுக்கிக்கொள்ளும். அந்த இடம் பால் போல வெளுத்துவிடும், பிறகு என்ன செய்தாலும் தெளியாது. அக்ரிலிக், பாலிஸ்டைரீன் என்ற வேறு இரண்டு பிளாஸ்டிக்குகள் கரையவே ஆரம்பிக்கும். பெட்ரோல், தின்னர் போன்றவற்றை, அதுவும் சாப்பாட்டு டப்பாவில், யோசிக்கவே வேண்டாம். ஆரஞ்சுத் தோலின் எண்ணெய் இயற்கையானதுதானே என்று சிலர் கேட்கலாம். அதிலுள்ள லிமோனீன் பாலிஸ்டைரீனை நன்றாகவே கரைக்கும்.

டப்பாவின் அடியில் ஒரு முக்கோணமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். 1 என்றால் பெட், 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், 6 என்றால் பாலிஸ்டைரீன். முதல் இரண்டும் எண்ணெய்க்கு அசராதவை. தட்டினால் கலகலவென்று ஒலித்து, வளைத்தால் பட்டென்று உடைகிற டப்பா 6-ஆக இருக்கலாம். அதில் எண்ணெயை நெடுநேரம் விட்டுவைத்தால் மெல்லிய விரிசல்கள் வரலாம்.

கீறல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் சிரிப்புத்தான் வரும். பசை கீறுவதில்லை, நாம்தான் கீறுகிறோம். பச்சை நாரில் பொதுவாக இருப்பது அலுமினியம் ஆக்சைடு துகள், மோஸ் கடினத்தன்மை அளவில் (எண் கூடினால் கடினமும் கூடும்) 9. வீதிப் புழுதியில் இருக்கும் மணல் துகள் 7. கண்ணாடி சுமார் 5.5. பிளாஸ்டிக் இவை எல்லாவற்றையும் விட மிருதுவானது. பிசுக்கின் மேல் புழுதி ஒட்டிக் கறுத்திருக்கும்போது காய்ந்த துணியால் தேய்த்தால், அந்த மணலைக் கொண்டே டப்பாவை உரசுகிறோம். அந்தக் கோடுகள் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிப்பதால் தெளிவு மங்கிவிடுகிறது. பித்தளைக் குடத்தைப் பளபளக்க வைக்கும் புளிக்கும் இங்கே வேலை இல்லை. அது உலோகக் களிம்பைக் கரைக்கும் அமிலம், ரப்பரைத் தொடாது. சாம்பலும் பற்பொடியும் கீறத்தான் செய்யும்.

ஆகவே முதலில் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுப் புழுதியைக் கழுவ வேண்டும். ஈரம் போன பிறகு பிசுக்கின் மேல் எண்ணெயைத் தடவிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம், அரை மணி நேரம் போதும். திரும்பி வந்து பார்த்தால் பசையின் ஓரம் லேசாக உப்பி, சுருங்கி, டப்பாவை விட்டு எழும்பியிருக்கும். விரல் நுனியால் தள்ளினால் புழுப் புழுவாகத் திரண்டு உருளும். நகம்கூட வேண்டியதில்லை. நைந்த பருத்தி வேட்டித் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். மிச்சம் நின்றால் இன்னொரு முறை எண்ணெய்.

அப்படியும் அசையாவிட்டால் அது அக்ரிலிக் பசையாக இருக்கலாம். 1 அல்லது 5 எண் டப்பாவில் கொஞ்சம் சானிடைசரைத் தடவிப் பார்க்கலாம், அதிலுள்ள ஆல்கஹால் அந்தப் பசையை உப்ப வைக்கும். கண்ணாடி போலத் தெரியும் அக்ரிலிக் பிளாஸ்டிக் தகட்டில் மட்டும் ஆல்கஹால் வேண்டாம், அறுத்த ஓரங்களில் மயிரிழை விரிசல் விடும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடையில் சட்டம் போட்ட படம் வாங்கினால், விலைச் சீட்டை எடுக்கும் முன் முகப்பை ஒரு தடவை தட்டிப் பாருங்கள். தொட்டால் குளிர்ந்து, கணீரென்று ஒலித்தால் கண்ணாடி. நனைத்துவிட்டு பிளேடைப் படுக்க வைத்துச் சுரண்டலாம். மழுங்கலாக ஒலித்தால் அக்ரிலிக், எண்ணெய் ஒன்றே வழி.

கடைசியாகப் பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு தடவை கழுவ வேண்டும். எண்ணெய்ப் படலம் நின்றால் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும், வடகத்திலும் ஏறும். வெந்நீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். கொதிநீர் பட்டால் பெட் டப்பா சுருங்கிக் கோணிக்கொள்ளும். பலகாரக் கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கைதான்: லேபிளை மூடியின் மேல் ஒட்டுங்கள்.